இளம் அதிகாரியாக சேர்ந்து படைக்கே தலைவரானார்: சென்னையில் உயிரிழந்த கடலோர காவல் படை தலைவர் ராகேஷ் பால் பார்த்த வேலை என்ன?

நாமக்கல்,

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் சென்னைக்கு வரும் நாள். அந்த ஏற்பாடுகளை கவனிக்க டெல்லியில் இருந்து வந்திருந்த உயர் அதிகாரி ஒருவருக்கு திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது. உடனே ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிகிச்சை பலன் இல்லாமல் அன்றே உயிர் பிரிந்தது. மாரடைப்பு.

அவர்தான் ராகேஷ் பால். இந்திய கடலோர காவல் படையின் 25-வது டைரக்டர் ஜெனரல். அதாவது மொத்த படைக்கும் தலைவர்.

இந்த செய்தியை படித்துவிட்டு நம்ம பக்கம் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கடலோர காவல் படை தலைவருன்னா என்னங்க வேலை? கப்பல் ஓட்டுவாரா, போலீசா, ராணுவமா?"

நியாயமான கேள்விதான். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கடல் கிடையாது. கடலை பார்க்கணும்னா நாலைந்து மணி நேரம் பஸ் ஏறணும். அந்த படையை பற்றியும், அதில் ஒருவர் எப்படி உச்சத்துக்கு போகிறார், போனபின் அவர் தலையில் விழும் பொறுப்பு என்ன என்பது பற்றியும் விவரம் வருமாறு:-

கடல் இல்லாத ஊருக்கு என்ன சம்பந்தம்?

முதலில் இதை சொல்லிவிட வேண்டும். கடல் தூரத்தில் இருந்தாலும் நம்ம பிழைப்பு கடலோடு சேர்ந்ததுதான்.

நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்கு போவது கப்பலில். திருச்செங்கோட்டில் தயாராகும் போர்வெல் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போவதும் கப்பலில்தான். நாமக்கல் காஸ் டேங்கர் லாரிகள் எண்ணூர், கொச்சி, மங்களூர் என்று லோடு எடுக்க போகிறதே, அந்த காசில் பெரும் பகுதி வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. லாரிக்கு போடும் டீசலுக்கான கச்சா எண்ணெயும் அப்படித்தான்.

அந்த கப்பல் பாதை ஒரு வாரம் நின்றால் நம்ம ஊர் பங்க் வரை அதன் சூடு தெரியும். அந்த பாதையை காவல் காப்பவர்களில் முக்கியமானது கடலோர காவல் படை.

மூன்று காவல், மூன்று வேலை

கடலில் காவல் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை.

கரையை ஒட்டி படகில் ரோந்து சுற்றுவது தமிழக கடலோர பாதுகாப்பு குழும போலீசார். இவர்கள் மாநில அரசின் கீழ் வருபவர்கள். போர் என்று வந்தால் சண்டை போடுவது கடற்படை. இந்த இரண்டுக்கும் நடுவில், அமைதி காலத்தில் நாட்டின் கடல் பகுதி முழுவதையும் காப்பது இந்திய கடலோர காவல் படை. இது மத்திய ராணுவ அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

கரையில் இருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கி.மீட்டர் தூரம் வரை உள்ள கடல் நமது பொருளாதார மண்டலம். அதில் மீன் பிடிக்கவும் எண்ணெய் எடுக்கவும் நமக்குத்தான் உரிமை. இதன் மொத்த பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கி.மீட்டர். வெள்ளை நிற கப்பல்களில் இந்த படை சுற்றி வருவது இங்கேதான்.

கடத்தலால் பிறந்த படை

1960, 70-களில் கடல் வழியாக தங்கமும் வெளிநாட்டு பொருட்களும் கடத்தி வருவது கொடிகட்டி பறந்தது. சுங்க இலாகாவிடம் வேகமான படகுகள் இல்லை. கடத்தல்காரர்களை துரத்த போர்க்கப்பலை அனுப்புவதும் கட்டுப்படியாகாது. 1974-ல் மும்பை கடலில் எண்ணெய் வேறு கிடைத்தது. அதற்கும் காவல் தேவைப்பட்டது.

அதே ஆண்டு போலீஸ் அதிகாரி கே.எப்.ருஸ்தம்ஜி தலைமையில் கமிட்டி போட்டார்கள். தனியாக ஒரு படை வேண்டும் என்று அந்த கமிட்டி சொன்னது. 1977 பிப்ரவரி 1-ந்தேதி படை தொடங்கப்பட்டது. கடற்படை கொடுத்த 2 பழைய கப்பல்கள், உள்துறை கொடுத்த 5 ரோந்து படகுகள். மொத்தமே ஏழுதான். 1978-ல் கடலோர காவல் படை சட்டம் வந்தது. கடற்படையின் வைஸ் அட்மிரல் வி.ஏ.காமத் முதல் தலைவர்.

ஏழில் தொடங்கிய படையில் 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் 151 கப்பல்-படகுகளும், 76 விமானங்களும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

யார் இந்த ராகேஷ் பால்?

உத்தரபிரதேச மாநிலத்தை சேர்ந்தவர். கடலே இல்லாத மாநிலம் அது. நம்ம சேலம், நாமக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்திய கடற்படை அகாடமியில் பயிற்சி முடித்து 1989 ஜனவரியில் கடலோர காவல் படையில் சேர்ந்தார். கொச்சியில் உள்ள ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா பயிற்சி மையத்தில் பீரங்கி, ஆயுதங்கள் பற்றி சிறப்பு படிப்பு படித்தார். பிறகு இங்கிலாந்து போய் பீரங்கியை குறிபார்த்து இயக்கும் கருவிகள் பற்றி படித்துவிட்டு வந்தார். இந்த படையின் முதல் கன்னர், அதாவது முதல் பீரங்கி நிபுணர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

அதன் பிறகு கப்பல்கள். சமர்த், விஜித், சுசேதா கிருபளானி, அகல்யாபாய், சி-03 என்று சின்ன படகில் இருந்து பெரிய ரோந்து கப்பல் வரை படையில் உள்ள எல்லா ரகத்துக்கும் கேப்டனாக இருந்திருக்கிறார்.

குஜராத்தில் ஓகா, வாடினார் என்ற 2 தளங்களுக்கும் தலைமை தாங்கினார். ஓகா, பாகிஸ்தான் கடல் எல்லையை பார்த்த மாதிரி உள்ள இடம். வாடினார், கச்சா எண்ணெய் கப்பல்கள் வந்து இறக்கும் இடம். ஒன்றில் ஊடுருவல் பயம், மற்றொன்றில் எண்ணெய் கசிவு பயம். ரெண்டுமே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை.

பிறகு காந்திநகரில் வடமேற்கு மண்டல தளபதி. டெல்லி தலைமையகத்தில் கட்டுமானம், நிர்வாகம், கொள்கை-திட்டம் என்று மேஜை வேலைகள். 2022 பிப்ரவரியில் கூடுதல் டைரக்டர் ஜெனரல். 2023 பிப்ரவரியில் படையின் பொறுப்பு தலைவர். 2023 ஜூலையில் முழு நேர டைரக்டர் ஜெனரல். சேர்ந்த நாளில் இருந்து உச்சியை தொட 34 ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

2013-ல் தத்ரக்ஷக் பதக்கமும், 2018-ல் ஜனாதிபதியின் தத்ரக்ஷக் பதக்கமும் பெற்றவர். தத்ரக்ஷக் என்றால் கரையை காப்பவன் என்று அர்த்தம்.

8 படி ஏறணும்

இந்த படையில் அதிகாரிகளுக்கு 8 படிகள்.

முதல் படி அசிஸ்டெண்ட் கமாண்டென்ட். கப்பலில் டியூட்டி அதிகாரி. ராத்திரி 12 மணிக்கும், விடியற்காலை 4 மணிக்கும் கப்பலின் மேல்தளத்தில் நின்று பாதை பார்க்கிறவர். சந்தேகப்படும் படகில் ஏறி சோதனை போடுபவரும் பெரும்பாலும் இவர்தான்.

அடுத்து டெபுடி கமாண்டென்ட், அதற்கு மேல் கமாண்டென்ட் (ஜூனியர் கிரேடு), பிறகு கமாண்டென்ட். இந்த கட்டங்களில் கப்பல் கையில் வரும். முதலில் சின்ன கப்பல், பிறகு பெரிய கப்பல். கப்பலில் உள்ள அத்தனை பேர் உயிருக்கும் கேப்டன்தான் ஜவாப்தாரி.

ஐந்தாவது படி டி.ஐ.ஜி. பெரிய கப்பல் அல்லது ஒரு மாவட்ட தலைமையகம் கையில் இருக்கும். ஆறாவது ஐ.ஜி. இவர் ஒரு மண்டலத்துக்கே தளபதி ஆகலாம். சென்னையில் உள்ள கிழக்கு மண்டலம் தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரா கடல் முழுவதையும் பார்க்கிறது. மண்டபம், தூத்துக்குடி, காரைக்கால் நிலையங்கள் எல்லாம் இதில் அடக்கம். மும்பை, காந்திநகர், கொல்கத்தா, அந்தமான் ஆகிய இடங்களிலும் மண்டலங்கள் உண்டு.

ஏழாவது கூடுதல் டைரக்டர் ஜெனரல். எட்டாவது டைரக்டர் ஜெனரல். அது ஒரே நாற்காலி.

டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று பெயர்கள் போலீஸ் மாதிரி இருக்கும். ஆனால் இது போலீஸ் இல்லை. அதிகாரிகள் பயிற்சி எடுப்பது கடற்படையோடு சேர்ந்துதான்.

முதல் படியில் உள்ள அதிகாரி அலையோடு போராடுகிறார். கடைசி படியில் உள்ளவர் டெல்லியில் ஏ.சி. அறையில்தானே இருக்கிறார், அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். அதற்கு பதில் கீழே இருக்கிறது.

பொறுப்பு 1: உயிர் காப்பது

கடலில் யார் ஆபத்தில் சிக்கினாலும் தேடி மீட்கும் பொறுப்பு இந்த படையுடையது. இந்தியா பார்த்துக்கொள்ள வேண்டிய தேடுதல் பகுதியின் பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கி.மீட்டர். தமிழ்நாட்டைப்போல 35 மடங்கு! அதற்கு மேல்மட்ட ஒருங்கிணைப்பு அதிகாரி டைரக்டர் ஜெனரல்தான்.

இது எப்படி நடக்கிறது?

நடுக்கடலில் படகு கவிழ்ந்தாலோ, கப்பலில் தீப்பிடித்தாலோ சிக்னல் கருவி அல்லது வயர்லெஸ் மூலம் தகவல் மீட்பு மையத்துக்கு வரும். சென்னை, மும்பை, அந்தமானில் இந்த மையங்கள் உள்ளன. 1554 என்ற இலவச எண்ணில் போன் போட்டும் சொல்லலாம். காற்று எந்த பக்கம், நீரோட்டம் எந்த பக்கம் என்று கணக்கு போட்டு, ஆள் எங்கே அடித்துச்செல்லப்பட்டிருப்பார் என்று வரைபடத்தில் கோடு போடுவார்கள். டோர்னியர் விமானம் முதலில் பறந்து தேடும். கப்பல் பின்னால் வரும். அந்த பக்கம் போகும் சரக்கு கப்பல்களுக்கும் தகவல் பறக்கும். கடல் சட்டப்படி அவர்களும் உதவியே ஆகணும்.

ராகேஷ் பால் பொறுப்பு தலைவராக இருந்த 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தை மிரட்டியது. ஓகா அருகே கடலில் இருந்த 'கீ சிங்கப்பூர்' என்ற எண்ணெய் துளையிடும் மேடையில் 50 பேர் சிக்கிக்கொண்டார்கள். புயல் காற்றில் ஹெலிகாப்டரை அனுப்பினால் அதில் போகும் வீரர்கள் உயிருக்கும் ஆபத்து. அனுப்பாவிட்டால் 50 பேர் கதி? அனுப்பினார்கள். 50 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

இதுதான் மேல் பதவியின் கஷ்டம். தான் போவதாக இருந்தால் துணிந்து போய்விடலாம். அடுத்தவன் பிள்ளையை "போ" என்று சொல்வது வேறு விஷயம்.

அனுப்பியவர்கள் திரும்பாத நாட்கள்

எல்லா நாளும் நல்லபடியாக முடிவதில்லை.

2015 ஜூன் 8-ந்தேதி இரவு சென்னையில் இருந்து ரோந்துக்கு போன டோர்னியர் விமானம் 3 அதிகாரிகளோடு மாயமானது. ஒரு மாதம் கடலை சல்லடை போட்டு தேடினார்கள். ஜூலையில் சிதம்பரம் பக்கம் கடலுக்கு அடியில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் சிதைந்த பாகங்கள் கிடைத்தன. 3 பேரும் உயிரோடு இல்லை.

2024 செப்டம்பர் 2-ந்தேதி, ராகேஷ் பால் இறந்து 15 நாளில், குஜராத் போர்பந்தர் அருகே 'ஹரி லீலா' என்ற கப்பலில் இருந்தவரை மீட்க போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 3 பேர் பலி. 2025 ஜனவரி 5-ந்தேதி அதே போர்பந்தரில் மற்றொரு ஹெலிகாப்டர் நொறுங்கி 3 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு சாவுக்கும் "ஏன் நடந்தது, எந்திரத்தில் கோளாறா, உத்தரவில் கோளாறா" என்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் படையின் தலைவர்.

பொறுப்பு 2: எண்ணெயை அள்ளுவது

கடலில் எண்ணெய் கொட்டினால் அதை கட்டுப்படுத்தும் தேசிய திட்டத்துக்கும் டைரக்டர் ஜெனரல்தான் தலைவர்.

2017 ஜனவரி 28-ந்தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், கறுப்பு கசடை வாளி வாளியாக அள்ளியதும் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலி பகுதியில் இருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் நாசமானது. அப்போது தலைவர் ராகேஷ் பால். கப்பலும் விமானமும் அனுப்பி கடலில் எண்ணெயை கரைக்கும் மருந்து தெளித்தார்கள். முகத்துவாரத்துக்குள் படிந்ததை மீனவர்களே கையால் அள்ள வேண்டியதாகிவிட்டது.

இதைவிட பெரிய ஆபத்து ஒன்று நூலிழையில் தப்பியது. 2020 செப்டம்பர் 3-ந்தேதி 'நியூ டைமண்ட்' என்ற கப்பல் குவைத்தில் இருந்து ஒடிசா மாநிலம் பாரதீப்புக்கு கச்சா எண்ணெய் ஏற்றி வந்தது. இலங்கைக்கு கிழக்கே வரும்போது தீப்பிடித்தது. ஊழியர் ஒருவர் பலியானார். கப்பலில் இருந்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் எண்ணெய். ஒரு டேங்கர் லாரிக்கு 20 டன் என்று கணக்கு போட்டால் 13 ஆயிரத்து 500 லாரி லோடு! இந்திய கடலோர காவல் படை கப்பல்கள் இலங்கை படையோடு சேர்ந்து நாட்கணக்கில் தண்ணீர் பீய்ச்சி தீயை அணைத்தன. எண்ணெய் தொட்டி வெடித்திருந்தால் இலங்கை கரையோடு தமிழக கரையும் பயந்திருக்க வேண்டியதுதான்.

2025 மே மாதம் கொச்சி அருகே 'எம்.எஸ்.சி. எல்சா-3' என்ற கண்டெய்னர் கப்பல் மூழ்கியது. 24 ஊழியர்களும் மீட்கப்பட்டனர். இதில் 21 பேரை மீட்டது கடலோர காவல் படை. மீதி 3 பேரை கடற்படை மீட்டது.

பொறுப்பு 3: கடத்தலை பிடிப்பது

படை பிறந்ததே இதற்குத்தான். இன்னும் ஓயவில்லை.

2023 மே மாத கடைசியில் மன்னார் வளைகுடாவில் இலங்கையில் இருந்து வந்த தங்கம் பிடிபட்டது. கடலோர காவல் படை, வருவாய் புலனாய்வு துறை, சுங்கத்துறை மூன்றும் சேர்ந்து மடக்கின. துரத்தும்போது கடலில் வீசப்பட்ட தங்கத்தை கூட நீச்சல் வீரர்கள் மூழ்கி எடுத்தார்கள். மொத்தம் 32 கிலோவுக்கு மேல். மதிப்பு சுமார் ரூ.20 கோடி.

2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற கப்பலை துப்பாக்கிகளோடு மடக்கியதும் இந்த படைதான். கப்பலில் 35 பேர் இருந்தார்கள். அந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2017-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை அனைவரையும் விடுதலை செய்தது.

2008-ல் மும்பையில் பயங்கரவாதிகள் கடல் வழியாக புகுந்த பிறகு இன்னொரு சுமையும் சேர்ந்தது. 2009 முதல் கரையோர கடல் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் இந்த படையிடம் வந்தது. தமிழக கடலோரத்தில் 'சாகர் கவாச்' என்று ஒத்திகை நடக்கும். பயங்கரவாதி வேடத்தில் வருபவர்களை போலீஸ் மடக்கும் செய்தியை படித்திருப்பீர்கள். அது இதன் ஒரு பகுதி.

பொறுப்பு 4: மீனவர்களின் நம்பிக்கை

சட்டத்தில் இந்த படையின் கடமைகளில் ஒன்றாக மீனவர்களுக்கு பாதுகாப்பும், ஆபத்தில் உதவியும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் மீனவர்களுக்கு மனத்தாங்கலும் இருக்கிறது. அதை மறைத்து எழுத முடியாது.

2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் வீசியபோது கன்னியாகுமரி மீனவர்கள் ஏராளமானோர் நடுக்கடலில் சிக்கினார்கள். எச்சரிக்கை தாமதமாக வந்தது, தேடுதலும் தாமதமாக தொடங்கியது என்று குடும்பத்தினர் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். அதே மாதம், கடலோர காவல் படையினர் தங்களை சுட்டதாக ராமேஸ்வரம் மீனவர்கள் புகார் கொடுத்தார்கள். படை அதை மறுத்தது.

பாக் நீரிணையில் இந்தியா-இலங்கை எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்டது. மீனை தேடி படகு எல்லை தாண்டினால் அந்த பக்கம் இலங்கை கடற்படை பிடிக்கிறது. தாண்டாமல் தடுப்பதும் இந்த படையின் வேலை, ஆபத்து என்றால் ஓடிப்போய் காப்பாற்றுவதும் இதே படையின் வேலை. தடுக்கும்போது கோபம், காப்பாற்றும்போது நன்றி. ரெண்டையும் சமாளிக்கணும்.

அண்டை நாடுகளோடு பேசுவதும் தலைவரின் வேலையில் ஒன்று. மாலத்தீவோடு 1991-ல் தொடங்கிய 'தோஸ்தி' என்ற கூட்டு பயிற்சியில் 2012 முதல் இலங்கையும் சேர்ந்தது. ஒரு கப்பல் எரியும்போது பக்கத்து நாட்டு அதிகாரியை போனில் கூப்பிட்டு உதவி கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

அன்று திறக்கப்பட்ட கட்டிடம்

ராகேஷ் பால் இறந்த அதே நாளில்தான் சென்னையில் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் புதிய கட்டிடம் திறக்கப்பட்டது. சென்னை துறைமுகத்தில் எண்ணெய் கசிவை சமாளிக்கும் மண்டல மையம், புதுச்சேரியில் விமான தளம் ஆகியவையும் அன்றே தொடங்கின. மூன்றையும் ராஜ்நாத் சிங் திறந்துவைத்தார்.

உயிரை மீட்க ஒன்று, எண்ணெயை அள்ள ஒன்று, பறந்து தேட ஒன்று. அன்று சென்னையில் அவர் கவனித்துக்கொண்டிருந்தது இந்த வேலையைத்தான்.

ராஜ்நாத் சிங் ஆஸ்பத்திரிக்கே நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். உடல் டெல்லிக்கு கொண்டு செல்லப்பட்டது. அடுத்த தலைவராக பரமேஷ் சிவமணி 2024 அக்டோபர் 15-ந்தேதி பொறுப்பேற்றார். இவர் சென்னை கிழக்கு மண்டலத்துக்கு தளபதியாக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம ஊர் பசங்க சேரலாமா?

தாராளமாக சேரலாம். கடலோரத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சேரும் வழிகள் வருமாறு:-

நாவிக் (பொதுப்பணி): பிளஸ்-2-வில் கணக்கும் இயற்பியலும் படித்து பாஸ் செய்திருக்க வேண்டும். வயது 18 முதல் 22. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டு, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 5 ஆண்டு சலுகை. தொடக்க அடிப்படை சம்பளம் ரூ.21 ஆயிரத்து 700. அதோடு பஞ்சப்படி உண்டு.

நாவிக் (உள்நாட்டு பிரிவு): சமையல், பரிமாறுதல் போன்ற பணி. 10-ம் வகுப்பு போதும்.

யாந்திரிக்: எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர்களுக்கு. அடிப்படை சம்பளம் ரூ.29 ஆயிரத்து 200. சேலம், நாமக்கல்லில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலை தேடும் பசங்க இதை கவனிக்கலாம்.

அசிஸ்டெண்ட் கமாண்டென்ட்: பட்டப்படிப்பு வேண்டும். அடிப்படை சம்பளம் ரூ.56 ஆயிரத்து 100. பெண்களும் அதிகாரிகளாக இருக்கிறார்கள். ஆண்களைப்போல பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தர பணி வேண்டும் என்ற வழக்கு 2024-ல் சுப்ரீம் கோர்ட்டில் பரபரப்பாக பேசப்பட்டது. ராகேஷ் பால் ஏறிய 8 படிகளின் முதல் படி இதுதான்.

நாவிக்காக சேர்பவர்கள் பிரதான் அதிகாரி என்ற பதவி வரை உயரலாம். அந்த பதவிக்கு அடிப்படை சம்பளம் ரூ.47 ஆயிரத்து 600. சீருடை, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் அரசு செலவு.

கம்ப்யூட்டரில் எழுத்து தேர்வு, பிறகு உடல்தகுதி தேர்வு. 1.6 கி.மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடணும். 20 தோப்புக்கரணம், 10 தண்டால். பிறகு மருத்துவ சோதனை. நாவிக்குகளுக்கு பயிற்சி ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில். மாலையில் பள்ளி மைதானத்தை சுற்றி ஓடும் பசங்களுக்கு இது ஒன்றும் பெரிய மலை இல்லை. இங்கிலீசும் பொது அறிவும்தான் கொஞ்சம் கூடுதலாக படிக்கணும்.

ஆண்டுக்கு பொதுவாக 2 முறை ஆள் எடுப்பார்கள். வயது, படிப்பு விதிகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம். படையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரும் அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்க. விண்ணப்ப கட்டணத்தை தவிர யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. "எனக்கு ஆள் தெரியும், 5 லட்சம் கொடுத்தா வாங்கித்தர்றேன்" என்று எவனாவது வந்தால், காட்டை அடகு வைத்து பணத்தை கொடுத்து ஏமாறாதீங்க. நேராக போலீசில் சொல்லுங்க.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு எடுங்க. இந்த வேலையில் தீபாவளியும் பொங்கலும் கடலில்தான் போகும். புயல் வந்தால் ஊரே கரைக்கு ஓடிவரும், இவர்கள் மட்டும் கடலுக்குள் போகணும். அதற்கு மனசு இருந்தால், கடல் இல்லாத ஊரில் இருந்து புறப்பட்டும் இந்த படையின் தலைவர் நாற்காலி வரை போகலாம்.

அப்புறம், கோடியக்கரைக்கோ கன்னியாகுமரிக்கோ சுற்றுலா போகும்போது கடலில் யாராவது தத்தளிப்பதை பார்த்தால் கூப்பிட வேண்டிய எண் 1554. செல்போனில் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்க.